வாயும் கூரும்

கத்தி வெட்டவில்லை என்றால் கூர் போய்விட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தீட்டுவதைத் தொழிலாகப் பழகிய கண்ணுக்கு, பாதிக்கு மேற்பட்ட கத்திகளில் போயிருப்பது வாய். கூர் என்பது அலகின் இரண்டு பக்கமும் சந்திக்கிற ஒற்றைக் கோடு. அந்தக் கோட்டிலிருந்து பின்னோக்கி அரை விரல் தூரத்துக்கு இரும்பு எப்படித் தடித்துக்கொண்டு போகிறது என்பது வாய். போன கூரைக் கல்லில் ஐந்து நிமிடத்தில் திருப்பி எடுக்கலாம். வாய் கெட்ட கத்தியையும் ஐந்து நிமிடம் தீட்டினால் கைமயிரை மழிக்கும். ஆனால் பனைமட்டையில் ஓங்கிப் போட்டால் அரை அங்குலம் இறங்கி ஆப்புப் போல் நின்றுகொள்ளும். அல்லது பல் பல்லாக உடைந்து வரும். தோட்டத்துக்கும் வேலிக்கும் மரத்துக்கும் போகிற கத்தியின் வாயை அந்தந்த வேலை பார்த்துக் கையாலேதான் திருத்த வேண்டும் என்பது என் கட்சி. இயந்திரச் சாணை கூரைக் கொடுத்து வாயை எடுத்துக்கொண்டு போகிறது. இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயமும் கொஞ்சம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த வழக்கை மண்கும்பானில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி கழிய, ஊர்காவற்றுறை வீதியில் வருகிற ஊர் அது. வெள்ளைப்புற்றடிப் பிள்ளையாராலும் மணல் திட்டிகளாலும் பேர் பெற்றது. ஊர்ப் பெயரிலேயே மண் இருக்கிறது. மணலுக்குக் கீழே என்ன என்று பார்த்தால் சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புப் பாறையின் மேல் கிடக்கின்றன. கத்தி தீட்டுபவனுக்கு இதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்க மோஸ் என்ற ஜேர்மன் அறிஞர் வகுத்த அளவில் சுண்ணாம்புக்கல் 3. தோய்ச்சல் (காய்ச்சிக் குளிர்த்து இரும்பை இறுக்குவது) உள்ள கத்தி ஐந்தரை முதல் ஆறரை. தன்னைவிட மெத்தென்ற கல்லில் உரசினால் கத்தி தேயாது, கல்தான் தேயும். நெடுந்தீவில் பவளக்கல் மதிலில் கத்தியைத் தேய்க்கிறவர் மதிலுக்குத்தான் கூர் வைக்கிறார். சரி, மணல்? கடற்கரை மணலில் இரண்டு சாதிச் சரக்குக் கலந்திருக்கும். ஒன்று சிப்பி, சோகி உடைந்த தூள். அதுவும் சுண்ணாம்புதான், கடினம் 3 முதல் 4 வரை. மற்றது குவார்ட்ஸ், தமிழகத்தில் வெங்கச்சங்கல் என்பார்களே, அதன் மணி; அதன் கடினம் 7. கத்தியை வெல்லக்கூடிய கல் கிணறு வெட்டினாலும் கிடைக்காத ஊரில், அது காலுக்கடியில் பொடியாகக் கிடக்கிறது.

அந்த 7தான் பகைவனும். குழை வெட்டிவிட்டுக் கத்தியை நிலத்தில் குத்தி வைக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. செம்மண்ணில் அது வெறும் கெட்ட பழக்கம். மணலில் அப்படிக் குத்தினால், ஒரு மணி நேரத் தீட்டல் அந்த ஒரு குத்தில் போய்விடும். ஆயிரக்கணக்கான குவார்ட்ஸ் மணிகள் ஒரே நேரத்தில் கூரைச் சுரண்டுகின்றன. காற்று மணலை ஓலையிலும் மட்டையின் கவட்டிலும் கொண்டுபோய் ஒட்டிவைக்கும். சுத்தமாகத் தெரிகிற மட்டையிலும் கத்தி மணலைத்தான் முதலில் வெட்டுகிறது. போதாததற்குப் பனை தன் பங்குக்கும் ஒன்று வைத்திருக்கிறது. பனைக் குடும்பத்து மரங்கள் நிலத்திலிருந்து சிலிக்காவை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாக ஓலையிலும் நாரிலும் சேர்த்துவைப்பவை. மரம் தனக்குள்ளேயே மணல் வளர்க்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வேம்பு வெட்டிய கத்தியையும் பனை வெட்டிய கத்தியையும் அன்று மாலை பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். கடைசியாக உப்புக்காற்று. துருவால் முதலில் கெடுவது இரும்பு மிக மெலிந்த இடம். கத்தியில் மிக மெலிந்த இடம் கூர். ஆகவே இந்த ஊரில் கூர் தினமும் போகத்தான் செய்யும். தினமும் போகிற ஒன்றைத் தினமும் மீட்க வேண்டுமானால், மீட்கிற வேலை நாலைந்து இழுவையில் முடிய வேண்டும். வாய் சரியாக இருந்தால்தான் அது முடியும்.

இதற்குச் சான்று வேண்டுமென்றால் சீவல் தொழிலாளரின் இடுப்பைப் பார்க்க வேண்டும். கத்திக்கூட்டில் பாளைக்கத்தி இருக்கும். அதைக் கூராக்கத் தீட்டுத்தடி இருக்கும். தீட்டுத்தடி கல் இல்லை, மரம். மெத்தென்ற மரத்துண்டின் முகத்தில் நுண்மையான மணற்பொடியைத் தூவி, அதன்மேல் கத்தியை இழுப்பார்கள். கேரளத்தில் கள்ளு இறக்குபவர்களும், தென் தமிழகத்துப் பனையேறிகளும் வெண்கல் பொடியை வைத்து இதே வேலையைச் செய்கிறார்கள். கடையில் கல் வாங்க முடியாத ஏழைகளின் மாற்று வழி என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. அது பிழை. பாளையின் நுனியிலிருந்து ஒரு தடவைக்கு மெல்லிய சீவல் ஒன்றுதான் எடுக்கப்படும். சாறு வருகிற நாளங்கள் நசுங்காமல் திறந்தபடி இருக்க வேண்டும். நசுங்கினால் முட்டியில் விழுவது குறையும். கருப்பநீருக்காயினும் கள்ளுக்காயினும் இந்தக் கணக்கு மாறாது. அப்படியொரு வெட்டுக்கு வேண்டிய கூரைத் தீட்டுத்தடி தருகிற விதம் கவனிக்கத் தக்கது. தூவிய மணி மரத்தில் பாதி புதைந்து பாதி வெளியே நிற்கிறது. இழுக்க இழுக்க மணி நொறுங்கிச் சிறுக்கிறது. தொடக்கத்தில் கரடாகத் தேய்த்த அதே பொடி முடிவில் மெருகு பிடிக்கிறது. கரட்டுக்கல் ஒன்றும் மெருகுக்கல் ஒன்றுமாக இரண்டு கல் செய்ய வேண்டிய வேலை ஒரு சிட்டிகைப் பொடியில் முடிந்துவிடுகிறது. மரம் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பதால் கூருக்குப் பின்னால் கூரிய மூலை நிற்காமல் சற்றே உருண்ட வாய் அமைகிறது. அந்த உருட்சி கூரைத் தாங்கும். 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்த பிறகு பனங்கட்டி, ஒடியல், ஓலைப்பெட்டி எல்லாவற்றுக்கும் மேடை கிடைத்தது. அந்த மேடையில் தீட்டுத்தடிக்கும் ஒரு மூலை கொடுத்திருக்கலாம்.

மணலைத் தேர்வது பற்றி ஒரு வார்த்தை. கடலோரத்திலிருந்து அள்ளியதை நல்ல தண்ணீரில் மூன்று தடவை கழுவ வேண்டும்; உப்பு நின்றால் கத்தி இரவோடிரவாகத் துருப்பிடிக்கும். காய்ந்ததும் ஒரு சிட்டிகையில் தேசிக்காய்ச் சாறு விட்டால் சிப்பித்தூள் நுரைத்து எழும்பும். நுரை அதிகமென்றால் அந்த மணல் தீட்ட உதவாது, வேறிடத்தில் அள்ள வேண்டும். நுரை அடங்கி எஞ்சுவதுதான் நமக்குரியது. அதை இரும்பு உரலில் நொறுக்கி, மெல்லிய துணியில் சலித்து, ஒரு குப்பியில் போட்டு வைத்தால் ஆண்டுக்கணக்கில் வரும்.

இனி வாயின் சாய்வு. பாகைமானி வைத்துக்கொண்டு தோட்டத்தில் யாரும் நிற்பதில்லை, விரல் போதும். கத்தியைக் கல்லின்மேல் படுக்கவைத்து முதுகைத் தூக்கும்போது, அலகின் அகலத்தில் எத்தனையில் ஒரு பங்கு தூக்குகிறோம் என்பதே கோணத்தைத் தீர்மானிக்கிறது. காற்பங்கு தூக்கினால் பக்கத்துக்குப் பதினாலரைப் பாகை. மூன்றிலொன்று தூக்கினால் பத்தொன்பதரை. பாதி தூக்கினால் 30. நாலு விரல் அகலமுள்ள காட்டுக்கத்திக்கு ஒரு விரல் உயரம் காற்பங்கு. இரண்டு விரல் பாதி. மூன்று விரல் அகலக் கத்திக்கு ஒரு விரல் மூன்றிலொன்று. பெருவிரலை முதுகுக்கும் கல்லுக்கும் இடையில் கொடுத்துப் பார்த்துவிட்டு எடுத்தால், அடுத்த பத்து இழுவைக்குக் கை அந்த உயரத்தை மறக்காது. குழை வெட்டுவதற்கும் புல் அறுப்பதற்கும் காற்பங்கு. கதியால் வெட்டவும் மட்டை கழிக்கவும் மூன்றிலொன்று. காய்ந்த விறகும் மட்டை அடியும் கொத்துகிற கத்திக்குக் கூரின் ஓரத்தில் மட்டும் பாதிக்குக் கிட்ட. பாளைக்கத்தி இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பது. அது காற்பங்குக்கும் கீழே போகும், கொத்துக்குப் பயன்படவே கூடாது. இவை என் கையின் அளவுகள். வேறு கையில் ஒரு நூல் ஏறலாம், இறங்கலாம்.

கெட்ட வாயைத் திருத்தும்போது முதலில் கையில் எடுக்க வேண்டியது விளக்குக்கரி. கூரின் இரண்டு பக்கமும் கரியைப் பூசிவிட்டுக் கல்லில் இரண்டு இழுவை இழுத்துப் பார்த்தால், கரி எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. பழைய கத்திகளில் பெரும்பாலும் கரி அழிவது கூரில் இருக்காது, அதற்குப் பின்னால் உள்ள தோளில் இருக்கும். அந்தத் தோள்தான் கத்தியை மட்டைக்குள் இறங்கவிடாமல் தடுத்து நிற்பது. அதை அரத்தால் அராவித் தள்ள வேண்டும், கூரைத் தொடாமல். அரம் கிறீச்சிட்டு வழுக்கினால் அந்த இடம் நல்ல தோய்ச்சல். வெண்ணெய் போல் தின்றால் தோய்ச்சல் இல்லாத இரும்பு, எவ்வளவு தீட்டினாலும் அரை நாள்தான். தோள் இறங்கியதும் கல். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும்பும். கண்ணுக்குத் தெரியாது; பெருவிரலை முதுகிலிருந்து கூரை நோக்கிக் குறுக்கே, மிக மெல்லத் தடவினால் நகத்தில் நூல் சிக்கினாற் போல் பிடிக்கும். பிடியிலிருந்து நுனிவரை அது ஒரே மாதிரி எழும்பும் வரை அந்தப் பக்கத்தை விட்டுவிடக் கூடாது. பலர் நடுவில் பிசிறு கண்டதும் திருப்பிவிடுகிறார்கள். அதனால்தான் நடு வெட்டும், நுனி நசிக்கும். இரண்டு பக்கமும் எழுந்த பிறகு அதைத் தீட்டுத்தடியில் ஆறேழு இழுவையில் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் போனால் முதல் வெட்டு அற்புதமாக இருக்கும். பத்தாவது வெட்டில் பிசிறு மடிந்து கத்தி மொட்டை. முடிந்ததா என்று பார்க்க வெயில் போதும். கூரைக் கண்ணுக்கு நேரே, வானத்தைப் பார்க்கப் பிடித்தால், மொட்டை விழுந்த இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான இடத்தில் ஒளி நிற்க இடமில்லை, ஒன்றுமே தெரியாது.

இவ்வளவும் எதற்கு, கிரைண்டரில் இரண்டு நிமிடம் என்பார்கள். இரண்டு நிமிடம் என்பது உண்மைதான். நாலரை அங்குலக் கை கிரைண்டர் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றுச் சுற்றுகிறது. கணக்குப் போட்டால் சக்கரத்தின் விளிம்பு வினாடிக்கு 66 மீற்றர் ஓடுகிறது. கை இழுவை வினாடிக்கு ஒரு மீற்றரைத் தாண்டாது. அந்த ஓட்டத்தின் சூடு முழுவதும் போய்ச் சேருவது கூரில். அங்கே சூட்டை வாங்கிப் பரப்ப இரும்பு இல்லை. கம்மாலையில் கத்தியைச் சிவக்கக் காய்ச்சித் தோய்த்த பிறகு, நொறுங்காமலிருக்க மறுபடி மெல்லச் சூடாக்குவார்கள். அந்த இரண்டாம் சூடு 200 பாகை செல்சியசுக்கும் 300க்கும் இடையில் எங்கோ நிற்கும். பின்னால் எப்போதாவது கூர் அதைத் தாண்டினால், தாண்டிய அளவுக்குத் தோய்ச்சல் இறங்கிவிடும். வைக்கோல் நிறம் 220ஐ ஒட்டி, ஊதா 275ஐ ஒட்டி, நீலம் 300ஐ ஒட்டி. கிரைண்டரில் பிடித்த கத்தியின் கூரோரத்தில் நீலம் ஓடியிருப்பதைக் கண்டால், அந்த இடத்தில் தோய்ச்சல் இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். நீலத்தைத் துடைத்துவிட்டால் நிறம் போகும், கேடு போகாது. ஊர்க்கத்திகளில் கொல்லர் பெரும்பாலும் கூரோரத்தை மட்டுமே தோய்ப்பது வழக்கம். இரண்டு விரலுக்கு மிஞ்சாத அந்தத் தோய்ச்சலைச் சக்கரம் ஒவ்வொரு தடவையும் நூல் நூலாகத் தின்கிறது. கை பத்து ஆண்டில் தின்பதைச் சக்கரம் பத்துத் தடவையில் தின்றுவிடும். ஆனாலும் கிரைண்டருக்கு ஒரு வேலை உண்டு. ஆணியில் பட்டு அரிசியளவு பல் உடைந்த கத்தியை அரத்தால் மட்டுமே சரிசெய்யச் சொல்வது வீம்பு. தேய்ந்த சக்கரத்தில், வெறுங்கையால் அலகைப் பிடித்துக்கொண்டு, விரலுக்குச் சுட்டதும் வாளித் தண்ணீரில் தோய்த்து, கூருக்கு ஒரு நூல் முன்னே நிறுத்திக்கொள்வதானால் நான் தடுக்கமாட்டேன். மிச்சத்தைக் கல்லுக்கு விட்டுவிட வேண்டும்.

மெல்லிய வாய்தான் எப்போதும் நன்றாக வெட்டும், ஆகவே எல்லாவற்றையும் மெலித்துவிட்டால் போகிறது என்பது இன்னொரு வாதம். பாதிதான் சரி. மெலிந்த வாய் குறைந்த பலத்தில் இறங்கும். பக்கவாட்டில் திருகினால் மடியும், காய்ந்த மட்டையில் உடையும். கைக்கு வருகிற வெட்டெல்லாம் நேரே இறங்குவதில்லை. மட்டையில் சிக்கிய கத்தியை எவரும் திருகித்தான் எடுப்பார்கள். வாய்க்குத் தாங்கும் தடிப்பு வேண்டும் என்பதற்கு மலாய்க்காரரின் பாராங் கத்தி சாட்சி. காட்டு மரம் வெட்டும் அதன் வாய் இரண்டு பக்கமும் உருண்டிருக்கும். மறுபுறம் கிளுவைக் கதியாலைப் பாருங்கள். வேலிக்கு நடுகிற தடியின் அடியைச் சரித்து ஒரே வெட்டில் எடுக்க வேண்டும். தடித்த வாயால் இரண்டு மூன்று கொத்தில் எடுத்தால் பட்டை நசுங்கிக் கிழியும். கிழிந்த பட்டையில் தண்ணீர் நின்று அழுகல் ஏறும், தடி துளிர்க்காது. ஒரே வீட்டில் இரண்டு வேலைக்கு இரண்டு கத்தி இருந்ததற்குக் காரணம் இதுதான். இரண்டையும் ஒரே சக்கரத்தில் ஒரே சாய்வில் பிடித்துக்கொண்டு வந்தால், இரண்டு வேலைக்கும் உதவாத ஒரே கத்தியின் இரண்டு பிரதிகள் வீட்டில் கிடக்கும்.

பழசைக் கட்டி அழுவானேன், கடையில் புதிது மலிவு, அதிலும் துருப்பிடிக்காத உருக்கு வாங்கினால் உப்புக்காற்றுக் கவலையும் தீர்ந்தது என்பவர்களோடு எனக்கு மீன் வெட்டுகிற விஷயத்தில் சண்டை இல்லை. கடலோரச் சமையலறைக்கு அது நல்ல சாமான். தோட்டத்துக்கு வந்தால் கதை மாறும். அந்தத் தகடு மெல்லியது, கொத்துக்கு வளையும். வளைந்ததை ஊர்க் கொல்லர் உலையில் வைத்துத் திருப்ப முடியாது. லொறி வில்லுத் தகட்டில் அடித்த கத்தியோ ஏறத்தாழ 0.6 சதவீதம் கரி சேர்ந்த உருக்கு. காய்ச்சலாம், அடிக்கலாம், மறுபடி தோய்க்கலாம். எது வாங்கினாலும் கடைக்கத்தி வாயோடு வருவதில்லை என்பதை வாங்குபவர்கள் கவனிப்பதில்லை. தொழிற்சாலையில் ஒரு பட்டை பிடித்து அனுப்புகிறார்கள். அது எந்த வேலைக்கும் என்று செய்தது. புதுக்கத்தியையும் கரி பூசித் திருத்தியே வேலைக்கு எடுக்க வேண்டியிருக்கிறது. கல் விஷயத்தில் மட்டும் பழசுதான் நல்லது என்று பிடிவாதம் பிடிக்கமாட்டேன். அச்செசன் என்ற அமெரிக்கர் 1890களில் மின்னுலையில் ஆக்கிய காபொறண்டம் கல் ஒன்பதரைக் கடினம், மலிவு, அரைமணி நேரத்தில் ஒரு வாயைத் திருத்தித் தரும். அதற்கு முன் நம்மவர் அரக்கில் குருந்தப்பொடி குழைத்துச் சாணை செய்தார்கள்; அந்தக் குருந்தம் என்ற சொல்லைத்தான் ஆங்கிலம் கொருண்டம் என்று எடுத்துக்கொண்டது. இன்றைய கிரைண்டர் சக்கரங்கள் பலவற்றில் இருப்பதும் அதே குருந்தம், அதாவது அலுமினிய ஒட்சைட்டுத்தான், உலையில் ஆக்கியது. சக்கரத்தில் இருக்கிற பொருளோடு எனக்குப் பகை இல்லை, அதன் ஓட்டத்தோடுதான்.

கொக்கைச்சத்தகத்தில் இந்த வழக்கு தானாகவே தீர்ந்துவிடுகிறது. நீண்ட தடியின் நுனியில் கட்டி, ஆட்டுக்குப் பூவரசங் குழையும் முள்முருக்கங் குழையும் இழுத்து வெட்டுகிற அந்த வளைந்த கத்திக்குக் கூர் உள்வளைவில். தட்டைக் கல் அதற்குள் நுழையாது. கிரைண்டர் சக்கரம் நுழையும். நுழைந்து வளைவில் குழி குழியாகத் தோண்டிவிட்டுப் போகும், இழுக்கும்போது ஒவ்வொரு குழியிலும் கிளை சிக்கும். வட்ட அரம் இருந்தால் தோளை இறக்கலாம். கூருக்கு, வளைவுக்குள் சரியாகப் படியும் பருமனில் ஒரு பூவரசந்தடி வெட்டி, பட்டை சீவி, தேங்காயெண்ணெய் ஒரு துளி தடவி மணற்பொடி தூவினால், அதுவே இந்தக் கத்தியின் தீட்டுத்தடி. பிடியிலிருந்து நுனிக்கு ஒரே ஓட்டமாக, தடியைச் சற்றே உருட்டிக்கொண்டு இழுக்க வேண்டும். உள்பக்கம் முழுதும் சாய்வு, வெளிப்பக்கம் பிசிறு எடுக்க இரண்டே இழுவை. பிறகு பழந்துணியால் மணலைத் துடைத்து, அதே எண்ணெயைக் கூரோரத்தில் பூசி, தடியோடு கொட்டில் வளையில் நிலம் படாமல் செருகிவிடலாம்.